எம்.சி.பி. காப்பது கம்பியை, உங்களை அல்ல

"கிரைண்டரைத் தொட்டா சுருக்குங்குதுடா" என்று அம்மா சொன்னபோது வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டும்மா" என்றேன் நான். அம்மாவும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை அடுப்படி ஓரத்தில் வைத்துக்கொண்டு, மாவாட்டும்போது மட்டும் மாட்டிக்கொண்டார். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒருநாள் அந்தச் செருப்பை மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். ஆனால் விடையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

மின்னழுத்தம் தள்ளுகிறது, மின்தடை மறிக்கிறது, மறிப்பை மீறி எவ்வளவு பாய்கிறதோ அது மின்னோட்டம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது. நம் வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். அது ஏறக்குறைய மாறாதது. மாறுவது தடைதான், அதுவும் நம் தோலின் தடை. காய்ந்த கையும் ரப்பர் செருப்பும் சேர்ந்தால் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். 50,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் உடம்பில் பாய்வது 5 மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அம்மா சொன்ன 'சுருக்' அதுதான். ஈரக் கை, வெறுங்கால், கழுவிவிட்ட தரை என்றால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். கிரைண்டரும் அதேதான், மின்சாரமும் அதேதான். நடுவில் இருந்தது ஒரு செருப்பு.

சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகும். கரண்ட் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டது என்கிறோமே, உண்மையில் இறுகிக்கொள்வது நம் கைதான். 50, 100 என்று ஏறும்போது இதயம் துடிப்பை மறந்து வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமே சுமார் 40 மில்லி ஆம்பியர். ஓர் உயிரைப் பறிக்க ஏறத்தாழ அவ்வளவு போதும்.

"அதான் எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆயிடும்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். நானும் அப்படித்தான் இருந்தேன். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். உடம்பில் பாய்வதோ 0.23 ஆம்பியர். அந்தக் கருவியின் கணக்கில் அது ஒரு சீலிங் ஃபேன் ஓடுவதுபோல. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு வந்தது எம்.சி.பி.; மனிதரைக் காப்பதற்கு அல்ல.

எர்த்திங் காப்பாற்றாதா? நன்றாக இருந்தால் காப்பாற்றும். கோடையில் எர்த் குழி வறண்டு, அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டதென்று வையுங்கள். கிரைண்டரின் இரும்பு உடம்பில் கசியும் மின்சாரம் 4.6 ஆம்பியர் அளவில் மண்ணுக்குப் போகும். எம்.சி.பி. அசையாது, கிரைண்டர் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஃபேஸில் போன மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வழிதவறினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். எங்கள் வீட்டில் அதுவும் இருந்தது. "சும்மா சும்மா விழுதுங்க" என்று சொல்லி வேலைக்கு வந்தவர் அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்திருந்தார். அது சும்மா விழவில்லை. அம்மாவுக்குச் 'சுருக்' கொடுத்த கசிவைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி இணைத்துவிட்டு, ஒவ்வொரு பொருளாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததில் கிரைண்டர் மோட்டாருக்குள் வயர் தோல் உரிந்து உடம்பில் உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. 'டெஸ்ட்' என்று போட்ட பொத்தான் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மாற்றுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இதுவும் காப்பாற்றாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "ஓனர்கிட்ட எப்படிக் கேக்குறது" என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். 2017-ம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, வீட்டின் வயரிங்கைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரருடையது. எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது பதிவுதான்.

வீட்டுக்கு வெளியே, அறுந்த கம்பி, கையெட்டும் உயரத்தில் தொங்கும் லைன், சர்வீஸ் வயர் உரசும் கொடிக்கம்பி எதைக் கண்டாலும் கிட்டே போகாதீர்கள், பிறரையும் விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, தரும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். முன்பே புகார் செய்தும் கவனிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஓயாத வோல்டேஜ் ஏற்ற இறக்கம் போன்ற சேவைக் குறைகளுக்கு ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம். இரண்டுமே 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் தந்த உரிமை.

யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

உயிர் போய்விட்ட குடும்பத்திடம் ஊரே சொல்வது, "விதி, என்ன செய்ய" என்பதுதான். மத்தியப் பிரதேசத்தில் 1997-ல், மழைநீர் தேங்கிய சாலையில் இரவில் சைக்கிளில் வந்த தொழிலாளி ஒருவர், அறுந்து கிடந்த மின்கம்பி பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி அது, எங்கள் தவறல்ல என்றது அந்த மாநில மின்வாரியம். 2002-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்கு, அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று சொல்லி இழப்பீட்டை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். கம்பி கிடந்த நிலையைப் படம் எடுத்துவையுங்கள். மின் ஆய்வாளருக்குத் தகவல் போனதா என்று விசாரியுங்கள். இழப்பீட்டு வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம், காலக்கெடு உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்குப் பேசுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.