பிராங்கன்ஸ்டைனின் படைப்பு கொடியதானது எப்படி?

1818 ஜனவரியில் லண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவல், செயற்கையாக உருவாக்கப்பட்ட ஓர் உயிர் கொலைகாரனாக மாறும் கதை என்றே பரவலாக அறியப்பட்டிருந்தாலும், அதை எழுதிய மேரி ஷெல்லி மிகுந்த கவனத்துடன் அமைத்திருப்பது அம்மாற்றம் நிகழும் வரிசையைத்தான்: முதலில் புறக்கணிப்பு வருகிறது, வெகுகாலம் கழித்தே கொலை வருகிறது.

ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் பயிலும் விக்டர் பிராங்கன்ஸ்டைன், பிணவறைகளிலிருந்து திரட்டிய உறுப்புகளால் எட்டடி உயர உடலொன்றை உருவாக்கி, ஒரு நவம்பர் இரவில் அதற்கு உயிரூட்டியதும், அதன் முகத்தைக் காணச் சகிக்காமல் ஓடிவிடுகிறான். அது படுக்கையருகே வந்து கை நீட்டும்போதும் மீண்டும் ஓடுகிறான். பெயர்கூட வைக்கப்படாத அவ்வுயிர் அப்போது எந்தத் தீங்கும் செய்திருக்கவில்லை.

நாவலின் இதயம் அதன் பிறகு வரும் காட்டுக் குடிசைப் பகுதியில் இருக்கிறது. ஊரார் கல்லெறிந்து விரட்டியபின், டி லேசி என்ற பார்வையற்ற முதியவரின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்ளும் அவ்வுயிர், முதலில் அவ்வீட்டாருடைய உணவைத் திருடித் தின்றாலும், அவர்களே அரைவயிற்றுடன் வாழ்வதைக் கண்டதும் அதை நிறுத்திவிட்டுக் காட்டுப் பழங்களையும் கிழங்குகளையும் தின்று, இரவில் அவர்களுக்காக விறகு வெட்டிவந்து வாசலில் போடுகிறது; அவர்கள் பேசுவதைக் கேட்டே மொழியையும் கற்கிறது. முகத்தைக் காண முடியாத முதியவர் தனித்திருக்கும் வேளை பார்த்து அது பேசத் தொடங்க, அவரும் பரிவுடனே கேட்கிறார். அதற்குள் வீடு திரும்பிய மகன் பீலிக்ஸ் அதைத் தடியால் அடிக்கிறான். அவனைக் கிழித்துப்போடும் வலு இருந்தும் அது கையை ஓங்காமல் வெளியேறுகிறது. குடும்பம் அஞ்சி வீட்டைக் காலிசெய்தபின் அது அவ்வீட்டைக் கொளுத்துகிறது. அப்போதும் ஈரம் முற்றிலும் வற்றிவிடவில்லை: ஆற்றில் மூழ்கிய ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறது, அதற்குக் கிடைத்த கூலி துப்பாக்கிக் குண்டு. விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமின் கழுத்தை அது நெரிப்பது இவையெல்லாம் முடிந்த பிறகே.

மேரியின் தந்தையான தத்துவவாதி வில்லியம் காட்வின், 1793இல் வெளியிட்ட ‘அரசியல் நீதி’ என்ற நூலில், மனிதனின் குணம் பிறவியிலேயே முடிவாவதில்லை, சூழலே அதை வார்க்கிறது என்று வாதிட்டவர். நாவல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஆயினும் 1814இல், ஏற்கெனவே மணமாகியிருந்த கவிஞர் பெர்சி ஷெல்லியுடன் மகள் வீட்டைவிட்டுச் சென்றபோது, அவளை நேரில் பார்க்கவும் மறுத்தவர் அவர். இரண்டாண்டுகளுக்கும் மேல் நீடித்த அந்த மறுப்பு 1816 டிசம்பரில் திருமணம் நடந்த பிறகே தளர்ந்தது. ஒரு வாழ்க்கை நிகழ்ச்சியை அப்படியே கதையின் திறவுகோலாக்குவது சரியன்று. எனினும் பெற்றவர் முகம் திருப்பிக்கொள்வது எத்தகையது என்பதை மேரி ஏட்டில் மட்டும் படித்தறிந்தவர் அல்லர்.

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹாலிவுட் படம் அவ்வுயிர் கொடியதானதற்கான காரணத்தையே மாற்றிவிட்டது. அதில் உதவியாளன் நல்ல மூளையிருந்த கண்ணாடிச் சாடியைத் தவறவிட்டு உடைத்து, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். தீமை மூளையிலேயே இருந்தது என்றாகிவிட்டால், கைவிட்டவனும் கல்லெறிந்த ஊரும் பொறுப்பிலிருந்து எளிதில் தப்பிவிடலாம். நாவலில் அத்தனை தெளிவாகத் தன் வழக்கை எடுத்துரைக்கும் உயிரைப் படம் பேச்சற்றதாக்கியதும் இதற்குத் துணைபோகிறது.

ஆனால் மேரி ஷெல்லி கொலைக்கு மன்னிப்பு வழங்கிவிடவில்லை என்பதை ஜஸ்டின் என்ற பணிப்பெண்ணின் கதை காட்டுகிறது. பெற்ற தாயே வெறுத்த அவளைப் பன்னிரண்டாம் வயதில் விக்டரின் குடும்பம் சேர்த்துக்கொண்டு அன்புடன் வளர்த்தது. வில்லியமின் கழுத்திலிருந்த சிறு ஓவியத்தை அவ்வுயிர் வேண்டுமென்றே அவளுடைய ஆடையில் செருகிவிட, பழி அவள்மீது விழுகிறது. பாவ அறிக்கை கேட்கும் பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்டியதில், தானே கொடியவள்தானோ என்று அவள் நம்பத் தொடங்கிப் பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் யார்மீதும் வஞ்சம் கொள்ளாமல் தூக்குமேடை ஏறுகிறாள். அவ்வுயிருக்குக் கிடைக்காத துணை அவளுக்குக் கிடைத்தது: அவளை நிரபராதி என்று நம்பிச் சிறைக்கே வந்து கட்டியணைக்க, விக்டரின் வீட்டிலேயே வளர்ந்த எலிசபெத் இருந்தாள். உண்மையை உணர்ந்திருந்த விக்டரோ, சொன்னால் தன்னைப் பைத்தியக்காரன் என்பார்கள் என்று வாய் திறக்காமலேயே இருந்துவிட்டான்.