எடையா, எழுத்தா?

சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, கையில் ஒரு சான்றிதழும் பெட்டியில் இரண்டு வேட்டியுமாகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறியவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் அந்நாளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தட்டெழுத்து இயந்திரத்தின் மேல் ஓடிய விரல்களே அடுப்பில் உலையை ஏற்றின என்றால் மிகையாகாது. அப்பெரியவர்கள் புதிய இயந்திரம் ஒன்றின்முன் அமர்ந்தால் முதலில் நான்கு வரி அடித்துப் பார்ப்பர். எந்த விசை கனக்கிறது, எது ஒட்டுகிறது என்று விரல் அறிந்த பின்னரே அலுவல் தொடங்கும். அவர்களுடைய பேரரும் பேத்தியரும் இன்று எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று விலை கொடுத்து மடிக்கணினி வாங்கச் செல்கிறார்கள். எடையைக் கேட்கிறார்கள்; நிறத்தைப் பார்க்கிறார்கள்; திரையைத் தடவுகிறார்கள். விசைப்பலகையில் நான்கு வரி அடித்துப் பார்ப்பவர் அரிது.

எடை குறைவாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தில் தவறில்லை. காலை எட்டு மணிக்குத் தாதர் நிலையத்தில் வண்டியேறும் பெண்ணின் தோளில் தொங்கும் பையில் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான். விடுதிக்கும் வகுப்புக்கும் அலையும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. கணினிக் கம்பெனிகளும் இவ்விருப்பத்தை நன்கறிந்து வைத்துள்ளன. 2008இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மாக்புக் ஏர் என்னும் கணினியை உருவி எடுத்துக் காட்டியபோது அதன் எடை 1.36 கிலோ, அன்று அது வியப்பு. பின்னர் எல்ஜி கம்பெனியின் கிராம் வரிசையில் 14 அங்குலத் திரையுடனேயே 999 கிராமில் ஒன்று வந்தது. லெனோவா 2020இல் அறிவித்த எக்ஸ்1 நானோ ஏறத்தாழ 907 கிராம். ஜப்பானில் ஃபுஜிட்சு கம்பெனி அதே ஆண்டில் 634 கிராமிலேயே ஒன்றை விற்பனைக்கு விட்டது. ஒரு பெரிய தேங்காயின் எடைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எடை எங்கிருந்து குறைகிறது என்பதை ஆராய வேண்டும். மக்னீஷியக் கலவை, கரிம நார் முதலிய இலேசான பொருள்களால் உடலைச் செய்வது ஒரு வழி. அது நல்ல வழி, ஆனால் விலை ஏறும். மின்கலத்தைச் சிறிதாக்குவது இன்னொரு வழி. மூன்றாவது, உடலையே மெலிதாக்கிக் குறுக்குவது. இந்த மூன்றாவது வழியில்தான் விசைப்பலகை முதற்பலியாகிறது.

விசையை அழுத்தும்போது அது எவ்வளவு ஆழம் கீழே இறங்குகிறது என்பதைப் பாருங்கள். பழைய திங்க்பேட் கணினிகளில் இந்த இறக்கம் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இப்போதைய நல்ல மடிக்கணினிகளில் 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை. மிக மெலிந்தவற்றில் 1 மில்லிமீட்டர். விசையின் அடியில் கத்தரிக்கோல் போன்று குறுக்காகப் பின்னிய இரு சட்டங்களும், அவற்றின் நடுவே ரப்பராலான சிறு குமிழ் ஒன்றும் உண்டு. குமிழ் மடங்கும் கணத்தை விரல் உணர்ந்தால், ‘எழுத்து விழுந்துவிட்டது’ என்று மனம் அடுத்த எழுத்துக்குப் போகும். அந்த உணர்ச்சி கிட்டாவிட்டால் விரல் தேவைக்கு மேல் அழுத்தும். கடினமான தரையில் காலைத் தட்டித் தட்டி நடப்பது போன்றது அது. பத்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவனுக்கு மூன்றாம் மாதத்தில் விரல் நுனியும் மணிக்கட்டும் சொல்லும்.

மெலிவின் மீது கொண்ட மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆப்பிள் கம்பெனியின் வரலாறே போதும். 2015இல் 12 அங்குல மாக்புக்கில் ‘வண்ணத்துப்பூச்சி’ என்ற புதிய விசை அமைப்பை அது புகுத்தியது. இறக்கம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒரு தூசி உள்ளே புகுந்தால் எழுத்து விழாமற்போவதும், ஒன்றுக்கு இரண்டாக விழுவதும் நிகழ்ந்து, 2018இல் அக்கம்பெனி இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது. 2019 இறுதியில் வந்த 16 அங்குலக் கணினியிலும், 2020இல் மற்றவற்றிலும் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பியது. அமெரிக்காவில் வாங்கினோர் தொடுத்த வழக்கு 2022இல் 5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. உலகிலேயே செல்வம் மிக்க கம்பெனிகளுள் ஒன்று, மிகச் சிறந்த பொறியியலாரை வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகள் பட்ட பாடு இது. ஆகையால் விலை உயர்ந்தது என்பதனாலேயே விசைப்பலகையும் உயர்ந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

இனி அகலம். இதைப் பற்றிக் கடைக்காரர் எவரும் சொல்லுவதில்லை. நம்மவர்க்கு இதுவே முக்கியம் என்பது என் எண்ணம்.

ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவரை 19 மில்லிமீட்டர் இருப்பது நெடுநாளைய வழக்கு. முக்கால் அங்குலம் என்ற பழைய அளவு அது. எண்கள் உள்ள மேல் வரிசையில் பதின்மூன்று விசைகளும், இரண்டு விசை அகலமுள்ள அழிப்பு விசையும் சேர்ந்து பதினைந்து விசை அகலம். பதினைந்தைப் பத்தொன்பதால் பெருக்கினால் 285 மில்லிமீட்டர், அதாவது 28.5 சென்டிமீட்டர். இப்போது பரவலாக உள்ள 16க்கு 10 என்ற விகிதத்தில் 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர். விசைகள் தாராளமாக அமரும். 13 அங்குலத் திரையோ 28 சென்டிமீட்டர்தான். திரையைச் சுற்றிய விளிம்பை மெலிதாக்கிக் கணினியையும் அதே அளவில் குறுக்கினால் விசைகளுக்கு இடம் எங்கே?

அப்போது கம்பெனியார் செய்வது என்ன? ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் முழு அளவில் விட்டுவைத்து, வலது ஓரத்தில் உள்ள நிறுத்தக்குறி விசைகளை நெருக்கிச் சிறிதாக்குவர். ஆங்கிலம் அடிப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் அவருக்கு எப்போதோ ஒருமுறைதான் வேண்டும். தமிழ் அடிப்பவருக்கோ அந்த விசைகள் நிறுத்தக்குறிகள் அல்ல!

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டது தமிழ்99 என்னும் விசை அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தது. அதில் அரைப்புள்ளி விசையே ‘ந’. அதற்கு அடுத்த மேற்கோள் விசை ‘ய’. மேல் வரிசையில் சதுர அடைப்பைத் திறக்கும் விசை ‘ச’, மூடும் விசை ‘ஞ’. கீழ் வரிசையின் கோடியில் சாய்கோட்டு விசை ‘ழ’. ‘நன்றி’ என்றும் ‘செய்தி’ என்றும் ‘தமிழ்’ என்றும் அடித்துப் பாருங்கள். எத்தனை முறை வலது சிறுவிரல் அந்த ஓரத்துக்குப் போகிறது! கம்பெனியார் ஒதுக்குப்புறம் என்று குறுக்கிவிட்ட இடத்தில்தான் நம் மொழியின் பாதி நடமாட்டம்.

‘ஆங்கில எழுத்திலேயே ஒலியை அடித்தால் கணினி தமிழாக்கித் தருகிறதே, இதெல்லாம் எதற்கு?’ என்று இளைஞர்கள் கேட்கலாம். சிறு கடிதத்துக்கு அது போதும். ஆனால் ‘வாழ்க்கை’ என்ற சொல்லுக்கு ஒலிமுறையில் ஒன்பது எழுத்து தட்ட வேண்டியிருக்க, தமிழ்99இல் ஏழு போதும். இரட்டித்த ‘க’வின் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. அதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. பிறமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளில் பலர் பள்ளியில் தமிழ் கற்பதில்லை. வீட்டிலோ சங்கத்தின் வார வகுப்பிலோதான் எழுத்தைக் காண்கிறார்கள். ஆங்கில எழுத்தின் வழியே தமிழ் அடிக்கும் குழந்தை ‘ந’வும் ‘ன’வும் வேறு என்பதை எப்போது அறியும்? தமிழ் எழுத்தையே தட்டும் குழந்தைக்கு அது விரலிலேயே பதிந்துவிடும். 1930களில் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியபோது, இத்தனை எழுத்துகளை இத்தனை சிறிய பலகையில் எப்படி அடக்குவது என்பதே அவருடைய பெரும்பாடு. அந்தப் பாடு தீர்ந்து, இன்று விண்டோஸ், மாக் இரண்டிலும் தமிழ்99 இலவசமாகவே உடன் வருகிறது. ஓரத்து விசைகள் குறுகிய கணினியை வாங்கி அதைக் கைநழுவ விடுவானேன்?

நெரு பிளேஸிலோ லாமிங்டன் ரோட்டிலோ சாந்தினி சவுக்கிலோ (கல்கத்தாவின் சாந்தினி சவுக்கைச் சொல்கிறேன்) கடைக்குப் போகும்போது, காட்சிக்கு வைத்துள்ள கணினியில் தமிழ் இராது. இருந்தாலென்ன? அமர்ந்துகொண்டு, மேசை உயரத்தில் வைத்து, விரல்களைத் தமிழ்99இல் வைப்பதுபோல் வைத்து அந்த ஐந்து விசைகளையும் பார்க்காமலே தட்டிப் பாருங்கள். சிறுவிரல் இரண்டு விசைகளின் நடுவே விழுந்தால் அந்தக் கணினி உங்களுக்கானதன்று. பிறகு ஆங்கிலத்திலேயே பத்து நிமிஷம் எதையேனும் அடியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. பலகையின் நடுவில் உள்ள விசைகளைச் சற்று ஓங்கித் தட்டும்போது பலகையே அமுங்கிக் குழைகிறதா என்று கவனியுங்கள். விசையின் ஓரத்தில் தட்டினாலும் நடுவில் தட்டினாலும் ஒரேமாதிரி இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே அறையில் பாட்டியும் தம்பியும் உறங்க, அக்காள் இரவில் படிக்கும் வீடுகள் பம்பாயில் எத்தனையோ. அத்தகைய வீட்டுக்கு ஓசை குறைந்த விசையும் அடியிலிருந்து ஒளிரும் எழுத்துகளும் ஆடம்பரமல்ல.

சில்லறை விஷயங்கள் சில. மேல் வரிசை விசைகளையே எடுத்துவிட்டுத் தொடுபட்டை வைத்தவர்களும் உண்டு; டெல் கம்பெனியின் 2022ஆம் ஆண்டு எக்ஸ்பிஎஸ் 13 பிளஸில் எஸ்கேப் விசைகூட அப்பட்டையில்தான். பார்வைக்கு அழகு, பார்க்காமல் அடிப்பவருக்குத் தொல்லை. 2024 முதல் பல கணினிகளில் வலப்புறக் கன்ட்ரோல் விசையின் இடத்தைக் கோபைலட் விசை பிடித்துக்கொண்டுள்ளது. ரூபாய்க் குறியை அடிக்க, இந்திய ஆங்கில அமைப்பில் வலப்புற ஆல்ட் விசையுடன் 4ஐ அழுத்த வேண்டும். ஆதலால் கணக்கு எழுதுவோர் அந்த ஆல்ட் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம். 15, 16 அங்குலக் கணினிகளில் வலப்புறம் எண்பலகை சேர்ந்தால் எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்கும். கணக்கருக்கு இலாபம், எழுத்தருக்குக் கழுத்து வலி.

வெளிநாட்டில் உள்ள மாப்பிள்ளையோ மைத்துனரோ கொண்டுவரும் கணினியிலும் எச்சரிக்கை தேவை. பிரிட்டிஷ் அமைப்பில் என்டர் விசை ஒரு விசைத் தொலைவு தள்ளிப்போய், இடப்புற ஷிப்ட் பாதியாகிவிடும். ஜப்பானிய அமைப்பில் இடைவெளி விசை குறுகி, கட்டைவிரல் வேறெதையோ தட்டும். பழகிக்கொள்ளலாம் என்பார்கள். வீட்டில் ஒரே கணினியை நால்வர் பயன்படுத்தும்போது நால்வரும் பழக வேண்டுமே!

ஆக, எதைத்தான் வாங்குவது என்றால், நாள்தோறும் சுமந்து செல்லவும் வேண்டும், நிறைய எழுதவும் வேண்டும் என்போருக்கு 14 அங்குலமும், 1.2 முதல் 1.4 கிலோ எடையும், 1.3 மில்லிமீட்டருக்குக் குறையாத இறக்கமும் உள்ள கணினியையே சொல்லுவேன். ஒரு கிலோவுக்கும் கீழே போக வேண்டுமென்றால் ஓரத்து விசைகளைச் சோதித்த பின்னர் போகலாம். வீட்டிலேயே பெரும்பாலும் இருக்கும் கணினியாயின் இவ்வளவு யோசனையே வேண்டாம். எதையேனும் வாங்கி, தனி விசைப்பலகை ஒன்றை அதனுடன் இணைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் பழைய தட்டெழுத்தின் சுகம் கிட்டும்.

பழுது பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாளில் சில திருகுகளைக் கழற்றினால் விசைப்பலகை தனியே வந்துவிடும். மெலிந்த கணினிகள் பலவற்றில் இப்போது அது மேற்பலகையோடு பிணைக்கப்பட்டுள்ளது. சிலவற்றில் மின்கலமும் அதனுடன் ஒட்டியிருக்கும். காப்பி சிந்திய ஒரு விசைக்காக முழுப் பலகையையும் மாற்ற நேரும். வாங்குவதற்கு முன்பே விசைப்பலகையை மாற்ற என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசைகள் மேல் விரிக்கக் கடைக்காரர் இலவசமாகத் தரும் ரப்பர் உறை தூசியைத் தடுக்கும். ஆனால் இறக்கம் குறைந்த விசையின் உணர்ச்சியை அது அறவே கொன்றுவிடும். குழந்தைகளுக்காக அதைவிடத் தமிழ் எழுத்து ஒட்டுத்தாள்களை வாங்கி விசைகளில் ஒட்டிவைக்கலாம். எழுத்துகள் இருக்கும் இடம் விரலுக்குப் பழகிய பின் அவற்றை உரித்துவிடுங்கள். இல்லாவிடில் கோடையில் பசை இளகி விசையின் இடுக்கில் இறங்கிவிடும்.