மீன் தொட்டிக்கு பைப் கேட்டு வருகிறார்கள்!

பைப், பிட்டிங்ஸ் வியாபாரம் செய்யும் அன்பர்களின் கடைகளுக்கு இப்போது ஒரு புதுவகை வாடிக்கையாளர் வருகிறார். அவர் வீடு கட்டவில்லை, போர் போடவில்லை. கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, ஒரு இன்ச் பைப் பத்தடி, எல்போ ஆறு, யூனியன் நான்கு, டேங்க் கனெக்டர் மூன்று என்று கேட்பார். எதற்கு என்று விசாரித்தால், "கடல் மீன் தொட்டிக்கு" என்பார். சென்னை கொளத்தூரைச் சுற்றி அலங்கார மீன் வியாபாரம் பெருகியிருப்பது அனைவரும் அறிந்ததே. அதில் பவளப்பாறைத் தொட்டி வைப்போர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்கள் வாங்கும் சரக்கு சில்லறைச் சரக்கு அல்ல; தொட்டியில் வாழும் உயிர்களும் விலை மிகுந்தவை. ஆகவே நாம் தவறான பைப்பைக் கொடுத்துவிட்டால், அதன் விளைவு ஒரு எல்போவின் விலையோடு நிற்காது.

முதலில் அந்தத் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மேல் தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்பு இருக்கும். நீர் அதன் விளிம்பில் வழிந்து, பைப் வழியாகக் கீழே ஸ்டாண்டுக்குள் உள்ள இரண்டாவது தொட்டிக்கு இறங்கும். அதற்கு 'சம்ப்' என்று பெயர். அங்கே நீர் சுத்தமாகி, மோட்டார் மூலம் மறுபடியும் மேலே போகும். மோட்டார் எவ்வளவு நீரை ஏற்றுகிறதோ, அவ்வளவும் தடையின்றி இறங்க வேண்டும். இறங்கும் வழி அடைபட்டால் மேல் தொட்டி வழியும். மின்சாரம் நின்றால் கீழ்த் தொட்டி வழியும். வாடிக்கையாளரின் கவலை முழுவதும் இந்த இரண்டில் அடங்கும்.

இரண்டாவது ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரிடம், மூன்றாம் மாடி பிளாட்டில் வசிக்கும் ஒருவர், பைப் தரம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தார். கீழ்வீட்டுக் கூரையில் உப்புநீர் இறங்கியிருந்தது. விசாரித்தால், பைப்பில் ஒரு பழுதும் இல்லை. நான்கடிக்கு இரண்டடித் தொட்டி, அதாவது 120 செ.மீ.க்கு 60 செ.மீ. அதில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 7.2 லிட்டர். மோட்டாரிலிருந்து வரும் பைப்பின் வாய், நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தது. கரண்ட் போனதும் அதே பைப் சைபன் போல் நீரை இழுத்து 108 லிட்டரைக் கீழே கொட்டிவிட்டது. சம்பில் காலி இடம் 40 லிட்டர்தான். மீதி எங்கே போகும்?

அவர் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தார். கிணற்று மோட்டாருக்கு அது சரி. கடல்நீரில் சிறு நத்தையும் சுண்ணாம்புப் படிவமும் அதன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் வால்வு முழுதாக மூடாது. எனவே அதை விற்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பச் சொல்லக் கூடாது. பைப் வாயை நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழேயே வைத்து, மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையும் போட்டுவிட்டால், நீர் சிறிது இறங்கியதும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். துளை அடையாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டு மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி அளவுக்கு வருவோம். 400 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு, அதாவது 1,200 முதல் 2,000 லிட்டர் வரை சம்ப் வழியே சுழன்றால் போதும் என்பது இன்று பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. மோட்டார் டப்பாவில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரம் இல்லாத இடத்தில் எடுத்த கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏற்றினால் வெகுவாகக் குறையும். எவ்வளவு என்பது அந்த மோட்டாரின் உயர வரைபடத்தில் இருக்கும்.

இறங்கும் பைப்பில் இரண்டு விதம் உண்டு. காற்றும் நீரும் கலந்து இறங்குவது ஒன்று. பைப் முழுக்க நீர் நிறைந்து சைபனாக இறங்குவது மற்றொன்று. முதல் வகையில் டர்சோ என்பவர் பெயரால் வழங்கும் அமைப்பு உண்டு. மேலே ஒரு டீ, மூடியில் சிறு காற்றுத் துளை. ஒரு இன்ச் பைப்பில் மணிக்குச் சுமார் ஆயிரம் லிட்டருக்கு மேல் போனால் 'கடகட' என்ற சத்தம் வீட்டாரைத் தூங்கவிடாது. அதே பைப் சைபனாக ஓடினால், முக்கால் மீட்டர் இறக்கத்தில், எல்போ, வால்வுத் தடைகளைக் கழித்த பிறகும் சுமார் 3,000 லிட்டர் சத்தமின்றிப் போகும்.

ஆனால் சைபன் பைப் அடைத்துக்கொண்டால் நிலைமை மோசம். எனவேதான் இரண்டாவதாக ஒரு அவசரப் பைப் வைக்கிறார்கள். இதை 'ஹெர்பி' முறை என்பார்கள். மூன்று பைப் வைத்தால் 'பீன் அனிமல்' முறை: ஒன்று முழுச் சைபன், ஒன்று மிச்சத்தை வாங்கும் திறந்த பைப், ஒன்று எப்போதும் காய்ந்திருக்கும் அவசரப் பைப். இடமிருந்தால் மூன்றையே எடுக்கச் சொல்கிறோம். கூடுதல் சரக்கு விற்பதற்காகச் சொல்வதாக யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். சைபன் பைப்பில் கேட் வால்வு போட்டால் இம்மி இம்மியாகத் திருப்பலாம். பால் வால்வில் அந்த நுட்பம் வராது. அவசரப் பைப்பில் எந்த வால்வும் கூடாது. சைபன் பைப்பின் அடி, சம்ப் நீருக்குள் இரண்டு மூன்று செ.மீ. முங்கினால் போதும். ஆழமாக முங்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறாமல் சைபன் தொடங்காது.

பெரிய பைப்தான் நல்லது என்று எண்ணி இரண்டு இன்ச் சைபன் கேட்பார்கள். வேண்டாம். 2,000 லிட்டருக்கு ஒரு இன்ச்சே தாராளம். அவசரப் பைப்பை வேண்டுமானால் ஒரு அளவு கூட்டலாம். ஒன்றரை இன்ச்சின் உள்பரப்பு ஒரு இன்ச்சைப் போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் என்பதை நினைவில் வைத்தால் பேரம் எளிது. எல்போ குறையக் குறைய நல்லது. முடிந்த இடத்தில் ஒரு 90 டிகிரிக்குப் பதில் இரண்டு 45 டிகிரி கொடுக்கலாம்.

சரக்கு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் அளவு முறைக் குழப்பம். ஒரு இன்ச் ஷெட்யூல் 40 பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. விவசாயத்துக்குப் போகும் மெட்ரிக் பைப் 32 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று மற்றொன்றின் பிட்டிங்ஸில் சரியாக உட்காராது. ஒன்றரை இன்ச் 48.3 மி.மீ., மெட்ரிக்கில் 50. கலந்து கொடுத்துவிட்டு, சொல்யூஷனை அதிகம் தடவினால் சரியாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பு ஒருநாள் கசியும்.

பித்தளை டேங்க் நிப்பிள், பித்தளை பால் வால்வு, ஜி.ஐ. சாமான் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. உப்புநீரில் அரித்துக் கரையும் செம்பு, மீனைக் கொல்லும் முன்பே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். யு.பி.வி.சி., சி.பி.வி.சி. இரண்டும் பரவாயில்லை. ஈயம் கலந்த பி.வி.சி. குழாய்களைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2021இல் விதிகள் வெளியிட்டுள்ளது. குடோன் மூலையில் கிடக்கும் பழைய சரக்கை இவர்களுக்குத் தள்ளிவிட வேண்டாம்.

டேங்க் கனெக்டரை முதலில் வாங்கிவிட்டு, அதை வைத்து அளந்த பிறகே கண்ணாடியில் துளையிடச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி துளை அளவு மாறும். டெம்பர் செய்த கண்ணாடி என்றால் துளைக்கவே முடியாது, நொறுங்கிவிடும். ரப்பர் வாஷர் தொட்டியின் உட்பக்கம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வரவேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும்.

இன்னொன்று. கல் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. நம் கடலிலிருந்து எடுத்த பவளத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். எங்கே கிடைக்கும் என்று கேட்பவருக்கு, பைப் வியாபாரி வழிகாட்டப் போக வேண்டாம்.

பில் போட்டுக் கொடுக்கும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்: உப்பு போடும் முன், சாதாரணத் தண்ணீரை நிரப்பி மோட்டாரை ஓடவிட்டு, பிறகு சுவிட்சை நிறுத்திப் பார்க்க வேண்டும். சம்பில் நீர் ஏறி நிற்கும் இடத்துக்கு மேல் நான்கு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது இருக்கும் மட்டத்தைக் குறைத்து, அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் நீர் ஊற்றாமல் இருக்க வேண்டும். பிறகு சைபன் பைப்பின் வாயைக் கையால் அடைத்து, அவசரப் பைப் ஒன்றே முழு நீரையும் தாங்குகிறதா என்று ஐந்து நிமிடம் கவனிக்க வேண்டும்.