அத்தைக்கு ஏன் புரியவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே அமர்க்களம்தான். கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்து 'ஜூம்' போட்டுவிட்டால், பெங்களூர் நாத்தனார் குடும்பமும் சிங்கப்பூர் கொழுந்தனார் குடும்பமும் திரையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் சில மாதங்களாக என் மாமியார் மட்டும் இரண்டே நிமிஷத்தில் எழுந்துவிடுவார். "நீங்க பேசிக்கிட்டிருங்க, எனக்கு அடுப்படியில வேலை இருக்கு" என்பார். அடுப்படியில் ஒரு வேலையும் இராது! பேரப்பிள்ளைகள் மேல் பாசம் குறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் தனியாகக் கேட்டேன். "சத்தம் கேக்குதும்மா, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலே. நாலு தடவை 'என்ன, என்ன'ன்னு கேட்டா குழந்தைக்கு அலுத்துப் போகுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வயதாகும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அ, ஆ, ஓ எல்லாம் காதில் விழும். ச், த் போன்றவை நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் கேட்கும் குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நான் இதுவரை செய்த வைத்தியம் என்ன தெரியுமா? சத்தத்தைக் கூட்டியதுதான்! கூட்டினால் பேச்சோடு எதிரொலியும் இரைச்சலும் அல்லவா சேர்ந்து கூடும்? தெளிவு பிறப்பது பேசுபவரின் மைக்கில். தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு நேராக வந்து சேரும் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மேலோங்கிவிடும். எனவே கொழுந்தனாரிடம், "அறைக் கோடியிலிருந்து பேசாதீங்க. மைக்கைக் கிட்டே வெச்சுக்கிட்டு நிதானமாப் பேசுங்க, கத்த வேண்டாம்" என்றேன்.

எங்கள் கூடத்தில் செய்தவை இவை:

தனி ஸ்பீக்கர் ஒன்றை அத்தையின் நாற்காலி அருகே வைத்தோம். மைக்கை அதற்குத் தள்ளி, நாங்கள் உட்காரும் பக்கம் வைத்தோம். இரண்டும் ஒட்டியிருந்தால் எதிரொலிதான்.

ஜூமின் 'ஆடியோ' பகுதியில் எந்த மைக், எந்த ஸ்பீக்கர் என்று நாமே தேர்ந்தெடுத்து, 'டெஸ்ட்' அழுத்திப் பார்த்தோம்.

ஒரே கூடத்தில் செல்போனிலும் சேர்ந்தால் 'கூ'வென்று ஊளையிடும். அதன் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அடைத்துவிட்டோம்.

தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. மின்விசிறி வேகத்தையும் குறைத்தோம்.

இன்னொன்று: பேத்தி பாடும்போது சுருதிப் பெட்டி காணாமற் போய்விடும்! அதையும் இரைச்சல் என்று நினைத்து ஜூம் வடிகட்டிவிடுகிறது. பாட்டு நேரத்தில் அவள் பக்கம் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அத்தையைக் காது டாக்டரிடமும் அழைத்துப் போனேன். வெறும் காதழுக்கேகூடக் கேட்பதைக் குறைக்கலாமே! வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே.

இப்போதெல்லாம் மணி அடிக்குமுன்பே அத்தை நாற்காலியில் ஆஜர். நான் ஏதாவது பேச வாயெடுத்தால், "நீ போய் அடுப்படி வேலையைப் பாரும்மா" என்கிறார்!