இடுப்பில் கட்டிய தரம்: ஜியு-ஜிட்சு பெல்ட்டும் நம் ஊர்த் துண்டும்

"என்ன பெல்ட்டு?" கராத்தே வகுப்புக்குப் போகும் பையனிடம் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி என்று சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் சூழ்ந்த இந்த வானம்பார்த்த பூமியில், முன்பின் தெரியாத ஆளிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி வேறு: "நீ எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். 'வாங்க' என்பதா 'வாடா' என்பதா, திண்ணையில் உட்காரச் சொல்வதா நிற்கவைத்தே பேசி அனுப்புவதா என்பதெல்லாம் அத்தோடு முடிவாகிவிடும். இரண்டுமே தரத்தை விசாரிக்கிற கேள்விகள். ஆனால் ஒரே தரத்தைத்தான் விசாரிக்கின்றனவா?

பெல்ட்டைப் பற்றி நம் வட்டாரங்களில் இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. பெல்ட் என்பது இறக்குமதிச் சரக்கு, காசு பிடுங்கும் வழி, நம் சிலம்பத்தில் இப்படி ஏற்றத்தாழ்வு கிடையாது என்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் உழைத்து வாங்கலாம், ஆகவே பெல்ட் ஜனநாயகமானது என்பது மற்றொன்று. இரண்டுமே பெல்ட்டின் வரலாற்றைப் பார்க்காத பேச்சுகள் என்று நினைக்கிறேன். குறிப்பாக பிரேசில் ஜியு-ஜிட்சுவில் பெல்ட் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இரண்டுமே ஆட்டங்காணும்.

1

கறுப்பு பெல்ட் ஆயிரமாண்டுத் துறவிகளின் சொத்து என்று டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. வெள்ளைத் துணி வருஷக்கணக்காக அழுக்கேறிக் கறுத்தது, அதுதான் கறுப்பு பெல்ட் என்றொரு கதையும் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. துவைக்காத துணி கறுப்பு பெல்ட் ஆவதில்லை, நாறத்தான் செய்யும்.

ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகள் பெல்ட்டால் தரம் பிரிக்கவில்லை. ஆசான் சுருளோலை மாதிரி ஒரு சான்று எழுதிக்கொடுப்பார். முழு வித்தையும் கைமாறிவிட்டது என்பதற்குக் கடைசிச் சான்று ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளும் நெருங்கிய சீடர்களுக்குள்ளும் சுற்றிவந்தது. 1882-ல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இதை உடைத்தார். 'கோ' என்ற பலகை விளையாட்டில் இருந்த 'டான்' படிநிலையை எடுத்து 1883-ல் தன் மாணவர் இருவருக்கு முதல் டான் வழங்கினார். டான் பெற்றவர்கள் கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் சில வருஷம் கழித்து வந்தது.

இந்தக் கானோ காட்டுக்குள் தவமிருந்த ஆள் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர், 1909-ல் ஒலிம்பிக் கமிட்டியில் உறுப்பினரானவர். மெய்ஜி அரசு பள்ளிக்கூடம், பட்டாளம், அலுவலகம் எல்லாவற்றையும் வகுப்பு வகுப்பாக அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அதாவது கறுப்பு பெல்ட் பரீட்சையின் பிள்ளை. கராத்தேயில் ஃபுனகோஷி முதல் டான்களை வழங்கியதே 1924-ல்தான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் மஞ்சள், பச்சை என்று வண்ணம் பரப்பியதில் ஐரோப்பாவுக்குப் பெரிய பங்குண்டு. 1930-களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி அதை முறைப்படுத்தினார். நடுவழியில் மாணவன் ஓடிப்போகாமலிருக்கக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது கொடுக்கவேண்டியிருந்தது.

2

ஜப்பானிலிருந்து கிளம்பிய மித்சுயோ மயேதா 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பிகளும் ரியோ நகரத்தில் வளர்த்ததுதான் பிரேசில் ஜியு-ஜிட்சு. தரையில் உருண்டு கையை முறுக்கி, கழுத்தை இறுக்கி எதிராளியைத் 'தட்ட'வைக்கும் கலை. தட்டுதல் என்றால் 'போதும், விடு' என்று கையால் இரண்டு தட்டு. அந்தக் கணமே விட்டுவிடவேண்டும்.

கிரேசிகளிடம் முதலில் இருந்தவை மூன்றே நிறம்: மாணவனுக்கு வெள்ளை, பயிற்றுநருக்கு வெளிர்நீலம், ஆசானுக்குக் கருநீலம். 1967-ல் குவானபாரா மாநிலத்தில் கூட்டமைப்பு உருவானபோதுதான் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற இன்றைய வரிசை வந்தது. 1994-ல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு இதற்குக் கால அளவும் விதித்தது. நீலத்தில் 2 வருஷம், ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் ஒரு வருஷமாவது இருக்கவேண்டும். கறுப்புக்குக் குறைந்தது 19 வயது. நடைமுறையில் கறுப்பு வரப் பத்து வருஷம் பிடிக்கும். அதற்கு மேலும் படிகள் உண்டு. சிவப்புக் கச்சைக்கு வர ஆள் கிழவனாகிவிடுவான்.

நிறங்களுக்கு என்ன பொருள்? வெள்ளை கட்டியவன் அமுக்கப்பட்டாலும் பதறாமல் மூச்சுவிடக் கற்கிறான். நீலம் கட்டியவனுக்குத் தப்பிக்கத் தெரியும். ஊதாவில் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போகும் தொடர்ச்சி வந்துவிடும், அவனுக்கென்று ஒரு ஆட்டம் உருவாகும். பழுப்பு, தேவையில்லாததைக் கழிக்கிற காலம். கறுப்பு, கற்பிக்கும் பொறுப்பு. இது எழுதிவைத்த பாடத்திட்டம் அல்ல, பயிற்சிக்கூடங்களில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் அர்த்தம். பல இடங்களில் தனிப் பரீட்சையே கிடையாது. ஆசான் மாதக்கணக்கில் கவனித்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டுக் கட்டிவிடுவார்.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு எதுவுமில்லை, வழக்கத்தால் வந்த உறவுதான் என்று சசூர் சொன்னது பெல்ட்டுக்கும் பொருந்தும். ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறம் வைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் இங்கே அந்த வழக்கம் தினமும் சோதனைக்கு உள்ளாகிறது. கறுப்பு கட்டியவனும் நீலம் கட்டியவனும் முழுபலத்தோடு உருளுகிறார்கள். கறுப்பு போலி என்றால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். காற்றில் குத்திக் காட்டியே வாங்குகிற பெல்ட்டுக்கு இந்த நெருக்கடி இல்லை. பொய்யென்று நிரூபிக்கப்படும் ஆபத்தைச் சுமந்துகொண்டிருக்கிற குறி என்பதால்தான் ஜியு-ஜிட்சு பெல்ட்டுக்கு மதிப்பு.

இதனாலேயே அது சமத்துவமானது என்று சொல்லிவிட முடியாது. கிரேசிகளின் பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். அதே ரியோவின் புறநகரில் ஆஸ்வால்டோ ஃபாடா ஏழைப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் கடற்கரையிலும் பொதுவெளியிலும் சொல்லிக்கொடுத்தார். அவரும் மயேதா வழிதான், கிரேசி வழி இல்லை. 1950-களில் அவருடைய மாணவர்கள் கிரேசி பள்ளியோடு மோதி வென்றார்கள், கால்பூட்டு போட்டே வென்றார்கள். அந்தப் பிடிக்குக் கிடைத்த பெயர் 'புறநகர்க்காரன் வித்தை'. தோற்ற பிறகும் கேவலப்படுத்துவதற்கு ஒரு சொல் கையில் இருந்தது! தரையில் தோற்றுப்போன அதிகாரம் மொழியில் பிழைத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா என்ன. ஒரு பெண், இவோன் துவார்த்தே, முதன்முதலாகக் கறுப்பு கட்ட 1990 வரை ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

3

இப்போது நம் ஊருக்கு வருவோம். பள்ளி வரிசையும் பரீட்சையும் உடலைப் பழக்கி அடக்கும் அதிகாரத்தின் கருவிகள் என்று ஃபூக்கோ 1975-ல் எழுதினார். அதை அப்படியே இங்கே பொருத்தினால் பெல்ட்டும் ஒரு விலங்கு என்று முடித்துவிடலாம். ஆனால் இடிக்கிறது. இங்கே பரீட்சை வருவதற்கு முன்னாலேயே உடலில் தரம் எழுதப்பட்டிருந்தது.

தமிழில் இடுப்புத் துணிக்கு இரண்டு பாஷை உண்டு. 'கச்சை கட்டுதல்', 'வரிந்துகட்டுதல்' என்றால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டால் 'நான் உங்களுக்குக் கீழே' என்று அர்த்தம். அதே துணி, அதே இடுப்பு. யார் முன்னால் யார் கட்டுகிறார் என்பதில் பொருள் தலைகீழாகிறது. கட்டச் சொல்வது சாதி.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 1930 டிசம்பரில், திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931-ன் சென்சஸ் கமிஷனர் ஹட்டன் அவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த எட்டையும் பதினொன்றையும் படிநிலை முறையாக வாசித்துப் பாருங்கள். பிறக்கும்போதே கட்டப்பட்ட பெல்ட் அது. எந்தக் களத்திலும் சோதிக்க முடியாது, எத்தனை வருஷம் உழைத்தாலும் நிறம் மாறாது. பிரிட்டிஷ் அரசும் தன் பங்குக்கு ஒன்று கட்டியது. 1911-ன் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஜனங்கள் 'கைரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். பிறப்பாலேயே குற்றவாளி என்று உடம்பிலிருந்து ரேகை எடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது.

4

சிலம்பத்தில் பெல்ட் கிடையாது என்பது சரி. நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு, சலாவரிசை, காலடி வரிசை, வீச்சு, தடுப்பு, கடைசியில் தொடுமுறை. யாருக்கு எவ்வளவு கம்பு தெரியும் என்பது களத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும், துணி கட்டிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு வகையில் இது ஜியு-ஜிட்சுவுக்கு நெருக்கமானது. தொடுமுறையில் மேலே கம்பு பட்டால் பட்டதுதான், அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் 'தரம் இல்லாத கலை' என்று நாம் பெருமை பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்கவேண்டும். களத்துக்குள் யாரை விட்டார்கள்? எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு வாத்தியாரிடம் போகமுடிந்தது? திருவிழாவில் யார் கம்பு சுற்றினார்கள், யார் பறை அடித்தார்கள், யாருக்கு முதலில் மாலை விழுந்தது? துணி வேண்டியிராததற்குக் காரணம், தெருவே துணியின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தலித் தெருக்களிலும் முஸ்லிம் தெருக்களிலும் தனித்தனியே வாத்தியார்களும் களங்களும் இருந்தன என்பதை, பன்முகத்தன்மை என்று கொண்டாடும்போதே பிரிவினை என்றும் படிக்கவேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் அந்தப் பையனின் மஞ்சள் பெல்ட்டைப் பார்க்கிறேன். நூற்றுக்கணக்கில் தேர்வுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் நிறம் மாற்றும் வியாபாரம் நடக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும், தாத்தாவின் இடுப்பில் துண்டு அடக்கத்துக்காகக் கட்டப்பட்ட அதே ஊரில், பேரனின் இடுப்பில் ஒரு துணி அவன் செய்துகாட்டியதற்காகக் கட்டப்படுகிறது. இந்த வித்தியாசத்தை 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே வார்த்தையில் துடைத்துவிட எனக்கு மனசில்லை.

சிலம்பமும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. சில சிலம்பப் பள்ளிகள் வண்ண பெல்ட்டும் கட்டுகின்றன. சான்றிதழுக்கு விலை வந்துவிட்டால் அதைக் கைக்குள் வைத்திருக்க விரும்புகிறவர்களும் வந்துவிடுவார்கள்.

எனவே பெல்ட் வேண்டுமா வேண்டாமா என்பது உபயோகமில்லாத விவாதம். எந்தப் பெல்ட்டிடமும் மூன்று கேள்வி கேட்கலாம். பொய்யென்றால் அம்பலப்படுத்தக் களம் இருக்கிறதா? கட்டிவிடும் கை யாருடையது, அந்தக் கையை யார் கேள்வி கேட்கமுடியும்? களத்தை விட்டு வெளியே வந்ததும் அதைக் கழற்றிவைக்க முடிகிறதா? ஜியு-ஜிட்சு முதல் கேள்வியில் நன்றாகத் தேறுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது. உருளும்போது பெல்ட் அவிழ்ந்து ஓரத்தில் விழுந்துவிடுவது அங்கே சகஜம், ஆட்டம் நின்ற பிறகுதான் எடுத்துக் கட்டுவார்கள் என்பதால் மூன்றாவதையும் ஒருமாதிரி தாண்டிவிடும். சாதி மூன்றிலும் தோற்கிறது. சிலம்பம் முதலாவதில் தேறும். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள் சிலம்ப வாத்தியார்களும், கம்பு பிடிக்க விடப்படாதவர்களும்தான். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுகிற வேலை இன்னும் நமக்குப் பாக்கி இருக்கிறது.