‘நல்லா கீறேம்மா’ என்ற பதிலுக்குப் பின்னால்

வேலூர் லாங் பஜாரின் நாட்டு மருந்துக் கடைகளில் இப்படியொரு வியாபாரம் நடக்கும். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். மகள் இருப்பதோ டல்லாஸில் அல்லது டொரண்டோவில். விசா கிடைக்காத தாய் சுக்கு, திப்பிலி, ஓமம், வால்மிளகு என்று பிரசவ மருந்துச் சாமான்களை வாங்கிப்போய், வறுத்து இடித்து, கூரியரில் அனுப்பி வைப்பார். மருந்து எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதைக் கிளறி உருட்டிக் கொடுக்கவும், ராத்திரி குழந்தையை வாங்கிக்கொண்டு ‘நீ போய்ப் படு’ என்று சொல்லவும் அங்கே ஆள் இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் பெண்ணின் மனநலம் என்று பேச்செடுத்தாலே, ‘ஊர் ஞாபகம்தான், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று முடித்துவிடுகிறோம். ஊர் ஞாபகம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவளை உண்மையில் அழுத்துவது பெரும்பாலும் வேறு: ஆள் உதவி போய்விட்டது, சொந்தச் சம்பாத்தியம் போய்விட்டது, சில இடங்களில் பாஸ்போர்ட்டே கைவிட்டுப் போய்விட்டது.

இதற்கு ஆதாரம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற கணியம்பாடி போதும். அந்த வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் நூற்றில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றவர்களோடோ மனத்தாங்கல் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் ஏதோ ஒரு துயரத்தைச் சந்தித்தவர்கள். அதே பட்டியலில் இன்னொரு காரணமும் இருந்தது: வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை. கூப்பிடு தூரத்தில் அம்மா வீடு இருக்கும் கணியம்பாடியிலேயே ஆள் உதவி இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கணவன் வேலைக்குப் போனபின் பூட்டிய ஃபிளாட்டில் கைக்குழந்தையோடு பத்து மணி நேரம் இருப்பவளை நினைத்துப் பாருங்கள்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உள்ளதுதான். இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கும். அடங்காமல் நீண்டால் கவனிக்க வேண்டும். முக்கியமான அறிகுறி ஒன்று: குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. பசி இருக்காது, குழந்தைமேல் ஒட்டுதல் வராது, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். இதைக் கண்டுபிடிக்க 1987-ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்வித்தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதன் தமிழ் வடிவமும் உண்டு. மேலை நாடுகளில் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் இடத்திலேயே பல சமயம் இந்தத் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பெண்ணோ, பக்கத்தில் கணவன் உட்கார்ந்து மொழிபெயர்க்க, எல்லாவற்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு வருகிறாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அதை இலவசமாகவே ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பது சட்டம்.

குழந்தை பிறக்காதவர்களின் கதை வேறு. காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் மூன்று வருடம் சம்பளம் வாங்கிய பெண் கல்யாணமாகி, கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அமெரிக்கா போகிறாள். 2015 மே மாதம் வரை அந்த விசாவில் வேலைக்கே போக முடியாமல் இருந்தது. அதற்குப் பிறகும், கணவனின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் வேலை அனுமதி கேட்கலாம். இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்பது ஊரறிந்தது. நேற்றுவரை வீட்டுக்குப் பணம் கொடுத்தவள் இன்று பற்பசை வாங்கவும் கணவனின் கார்டை எதிர்பார்க்கிறாள். ‘அவளுக்கென்ன, வேலையில்லாமல் ஜாலியாக இருக்கிறாள்’ என்று இங்கே சொந்தக்காரர்கள் பேசுவது வேறு. எனக்குத் தெரிந்து, இப்படிப்பட்ட பெண்களை அதிகம் நோகடிக்கும் வாக்கியம் இதுதான்.

கணவன் நல்லவனாக இருந்தால் இது சலிப்போடு போகும். இல்லாவிட்டால் விசாவே கயிறாகிவிடும். ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்ற மிரட்டலுக்கு பயந்து அடியை வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. கொடுமைக்கு ஆளான எச்-4 பெண் தனியே வேலை அனுமதி கேட்க அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்காகவே நியூ ஜெர்சியில் மானவி என்ற அமைப்பு 1985 முதலும், நியூயார்க்கில் சகி என்ற அமைப்பு 1989 முதலும் இயங்குகின்றன.

குளிரையும் சொல்ல வேண்டும். வெயிலைத் திட்டாத வேலூர்க்காரர் கிடையாது. ஆனால் டொரண்டோவில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்போதுதான் வெயிலின் அருமை தெரியும். குளிர்கால மனச்சோர்வை 1984-ல் விவரித்த மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால், வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். அந்தச் சோர்வு அவருக்கே வந்தது. இதற்கு வெளிச்ச சிகிச்சை இருக்கிறது. ‘சோம்பேறியாகிவிட்டேன்’ என்று மகள் சொன்னால், எந்த மாதத்தில் சொல்கிறாள் என்று கவனியுங்கள்.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் கவலைகள்கூட ஆடம்பரம். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்குச் சம்பளம் குறைவுதான். ஆனால் காலையில் கம்பெனி வேனில் ஏறியதும் பேசத் தொடங்கினால், ஷூவின் மேல்பகுதி தைக்கிற மிஷினில் உட்காரும்வரை ஊர்க்கதை ஓடும். குவைத்திலோ ரியாத்திலோ ஒற்றை வீட்டில் வேலைக்கு நிற்பவளுக்கு அந்த வேன் கிடையாது. செல்போனை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டால் குரலும் கிடையாது. 2015-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ரியாத்துக்குப் போன ஒரு பெண், வேலை செய்த வீட்டிலிருந்து தப்ப முயன்றபோது வலது கையை இழந்து திரும்பினார். வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் பகிரங்கமாகக் கண்டித்த சம்பவம் அது.

இப்படிப் போகிறவர்களுக்கு முதல் மனநல சிகிச்சை, ஒழுங்கான காகிதம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். அரசு ஏஜென்சி மூலமாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முறைப்படி போனால் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. ஏஜென்ட் ‘விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. குவைத்தில் 2015-ல் வந்த சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு தருகிறது. அந்த ஒரு நாள் வெளியே வந்து நாலு பேரைப் பார்க்க முடிகிறதா என்று கேட்பதே நல்ல விசாரிப்பு.

நாம் விசாரிக்கும் முறைதான் இங்கே பெரிய தடை. ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து, “நல்லா கீறியா கண்ணு?” என்றால், “நல்லா கீறேம்மா” என்பதைத் தவிர அவள் வேறு என்ன சொல்ல முடியும்? அவளை அனுப்ப வாங்கிய கடன் அவளுக்கும் தெரியும். தனியாக அழைத்து, சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும்: நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? கடைசியா எப்ப வெளியே போனே? உன் பாஸ்போர்ட் எங்க கீது? தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே. அங்குள்ள தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவள் அழைக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது 988. என்ன செய்வதென்று இங்கே தவிக்கும் பெற்றோர், மத்திய அரசின் 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

பார்சல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இங்கே டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையையும் பதற்றத்துக்கான மாத்திரையையும் ஊறுகாயோடு சேர்த்து அனுப்புகிறார்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதியும் மருந்துச் சீட்டும் இல்லாமல் பிடிபட்டால் மாத்திரைக்காக ஜெயில் வரை போக நேரும்.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்தில் 1950-களிலிருந்தே ஒரு வழக்கம்: நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் குடும்பத் துணை கிடைப்பது ஒரு மாத லீவில் ஊருக்கு வரும்போதுதான். அந்த ஒரு மாதத்தில் விருந்துக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கவுமே நாள் போய்விடுகிறது. மருத்துவரைப் பார்ப்பதாக இருந்தால் வந்த முதல் வாரமே போய்விடுவது நல்லது. மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே இரண்டு, மூன்று வாரம் ஆகும், அளவைச் சரிபார்க்க மறுபடி போக வேண்டியிருக்கும். கிளம்பும்போது நோயின் விவரம், மருந்தின் வேதிப்பெயர், அளவு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.