பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி.: பில்லோடு வாங்குங்கள், உடனே சோதியுங்கள்

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், பத்து வருஷப் பழைய லேப்டாப்பும் சுறுசுறுப்பாகிவிடும். செலவும் குறைவு. இந்த ஆசையை நம்பித்தான் போலிச் சரக்கும் சந்தைக்கு வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

பொருந்துமா?

பழைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல சாட்டா டிரைவ்தான் பொருந்தும். எம்.2 ஸ்லாட் இருந்தால், அது சாட்டாவை ஏற்குமா, என்.வி.எம்.இ.யை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். சாட்டா டிரைவ் நொடிக்குச் சுமார் 550 எம்.பி.யைத் தாண்டாது. அதன் அட்டைப்பெட்டியில் அதைவிட மிகப் பெரிய வேகம் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

சிறிய சிப்பை உள்ளே வைத்து, கம்ப்யூட்டரில் ‘2 டி.பி.’ என்று காட்டும்படி மாற்றிவிடுகிறார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் பதிவாகும் படங்கள் திறக்காது. முன்பு வைத்தவையும் அழியலாம். உங்கள் ஃபைல்களை ஏற்றுவதற்கு முன்பே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் டிரைவை முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். பயன்படுத்தியதைப் புதிது என்று விற்பதும் உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிரைவ் ஓடிய மணிநேரம் தெரியும். புதியதில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற போர்டு பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரன்டி கேட்கும்போது இவை தேவைப்படும்.

வாரன்டி டிரைவுக்கு மட்டும்தான். உள்ளிருக்கும் ஃபைல்களுக்கு இல்லை. எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கலாம் என்பதால் பேக்கப் அவசியம். ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் பழைய டிஸ்க்கில் இருக்கும். அதைக் கடையில் விட்டுவராதீர்கள்.

எங்கே முறையிடுவது?

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.